தானாக எழுதிய பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். பிளஸ் டூ கணக்குத் தேர்வன்று ஒரு மாணவனின் சட்டைக் கைமடிப்பிலிருந்து பிட்டை எடுத்து முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன். மைக்ரோ ஜெராக்ஸ். ஐந்து மார்க் கணக்குகள் வரிசையாக இருந்தன. அறைக் கண்காணிப்பாளராக நான் போனதே அதற்குத்தான். ஆனால் அன்றிலிருந்து குற்றவாளி நான்.

"வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே டீச்சர், எதுக்குப் பெருசாக்குறீங்க?" என்றார் அந்த மையத்தில் பொறுப்பில் இருந்தவர். மறுநாள் பையனின் அம்மா என் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினார்: "நீயும் பிள்ளை பெத்தவதானே?" எங்கள் ஸ்டாஃப் ரூமில்கூட, "பாவம், ஒரு வருஷம் போச்சே அவனுக்கு" என்ற பேச்சுதான். பாவம்தான், எனக்கு மட்டும் இல்லையா அந்த இரக்கம்? அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஆனால் அதே அறையில் இன்னும் பத்தொன்பது பேர் எழுதினார்களே, அவர்களைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

அவனுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். அரசுப் பள்ளிப் பிள்ளை. மணி அடித்து விடைத்தாளை வாங்கும்போது பார்த்தேன், ஒரு கணக்கைப் பாதியில் விட்டிருந்தாள். அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் பேனாவால் குறுக்குக்கோடு போட்டுவிட்டு எழுந்து நின்றாள். பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. தெரியாததைத் தெரியாதென்று விட்டுவிட்டாள். அந்தப் பாதிக் கணக்கை நான் எப்படி மறப்பேன்?

ஒரு மார்க்கில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்கள். நுழைவுத்தேர்வு வேண்டாம், கிராமத்துப் பிள்ளை கோச்சிங்குக்கு எங்கே போகும் என்று போராடி, 2007 முதல் பிளஸ் டூ மார்க்கை வைத்தே பொறியியல் இடம் கொடுக்கிறோம். நல்ல முடிவு அது, இன்றும் அதன் பக்கம்தான் நான். கட்-ஆஃப் 200. அதில் இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது, கணக்கு மட்டும் முழு நூறு. கணக்கில் திருடிய ஒரு மார்க் குறையாமல் அப்படியே கட்-ஆஃபில் போய் உட்காரும். அந்த ஒரு மார்க் இடைவெளிக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நிற்கிறார்கள். பிட்டு வைத்தவன் ஏறினால் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு படி இறங்க வேண்டும். எந்தப் பிள்ளையை முன்னேற்ற நுழைவுத்தேர்வை எடுத்தோமோ, அதே பிள்ளையின் இடத்தைத்தான் தேர்வு அறையில் பறிக்கிறோம்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிட்டை எடுத்தபோது நடுங்கிக்கொண்டே, "எங்க சார்தான் குடுத்தாரு மிஸ்" என்றான். என் வயிறு எரிந்தது அங்கேதான். பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் அந்தத் தாளை மடித்து வைத்தது ஓர் ஆசிரியரின் கை! அதை வாக்குமூலத்தில் எழுதட்டும் என்றேன். "அதெல்லாம் வேண்டாம், பிட்டு வச்சிருந்தேன்னு மட்டும் எழுதச் சொல்லுங்க" என்றார்கள். எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன், விடவில்லை. பையனுக்குத் தேர்வு ரத்து, அடுத்துத் தேர்வெழுதத் தடை என்று வரும். கொடுத்தவர் வழக்கம்போல வகுப்பெடுக்கிறார். ஒழுக்கம் பற்றியும் பேசுவார்.

பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த தனியார் பள்ளிகள் எத்தனை! அதைத் தடுக்கத்தானே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள்? பள்ளி நிர்வாகமே தெரிந்து செய்த மோசடி அது. அதற்காக எந்தத் தாளாளர் தலைகுனிந்தார்? நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பிளெக்ஸ் வைத்தார்கள், நாமும் அதைப் பார்த்துத்தான் பிள்ளையைச் சேர்த்தோம்.

இப்படி வளர்ந்த ஊரில் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு மட்டும் எப்படிச் சுத்தமாக நடக்கும்? 2017 செப்டம்பரில் பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வு நடந்தது. 1,058 இடங்கள், எழுதியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 196 பேரின் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டது வெளியே வந்தது. 2018 பிப்ரவரியில் தேர்வையே ரத்து செய்தார்கள். மறுதேர்வு நடந்தது 2021 டிசம்பரில். ராத்திரி பகலாகப் படித்து நேர்மையாக எழுதியவர்கள் யாரோ செய்த திருட்டுக்காக நான்கு வருடம் காத்துக் கிடந்தார்கள். அந்த நான்கு வருடத்தில் எத்தனை பேருக்கு வயது ஓடியிருக்கும், எத்தனை வீட்டில் கடன் ஏறியிருக்கும்! அவர்களுக்காக யாராவது, பாவம், வருஷம் போச்சே என்றீர்களா?

2024இல் மத்திய அரசு சட்டம் போட்டது. கூட்டாகச் சேர்ந்து வினாத்தாளைக் கசியவிட்டால் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, ஒரு கோடிக்குக் குறையாத அபராதம். நீட் போன்ற நுழைவுத்தேர்வுகளுக்கும் மத்திய அரசுப் பணித் தேர்வுகளுக்கும்தான் அது. நம் பள்ளிப் பொதுத்தேர்வு அதில் வராது. இங்கே, கடைசி அரை மணி நேரம் கொஞ்சம் கண்டுக்காம இருங்க மேடம் என்று காபி கொடுத்துச் சொல்பவரை நான் எந்தச் சட்டத்திடம் கொண்டுபோய் நிறுத்துவது?

கல்வித்துறைக்குச் சொல்கிறேன்: பிடிபட்ட பிள்ளையிடம், யார் கொடுத்தது என்று கேளுங்கள். அதை வாக்குமூலத்தில் எழுத விடுங்கள். எழுதிய பிறகு அந்தப் பெயரின் மேல் நடவடிக்கை எடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் பிள்ளையின் கையில் பிட்டைத் திணித்த பள்ளியின் வாசலில் போய்க் கத்துங்கள், நானும் உங்களோடு வந்து நிற்கிறேன். அடுத்த மார்ச்சிலும் என்னை ஒரு அறைக்கு அனுப்புவார்கள். அங்கேயும் பிட்டு இருந்தால் எடுத்துத்தான் கொடுப்பேன்.