அளக்கப்படாத இரைச்சல்: தறிக்கூடங்களில் பறிபோகும் செவிகள்

பள்ளிபாளையம், குமாரபாளையம் தெருக்களைக் கடந்து செல்வோருக்கு விசைத்தறியின் ஓசை அவ்வூர்களின் அடையாளமாகத் தோன்றலாம். கூடத்துக்குள் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவரின் கேட்கும் திறனையோ அது நாள்தோறும் சிறிது சிறிதாக அரிக்கிறது. முன்பணக் கடனில் சிக்கி அங்கே தறியோட்டுவோரில் அருந்ததியர் கணிசமானோர். மேற்கு மாவட்ட நூற்பாலை விடுதிகளில் தங்கவைக்கப்படும் இளம்பெண்களிலும் தலித்துகள் பெருமளவில் உள்ளனர். எந்த எந்திரத்தின் அருகே யாருடைய உடல் நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானிக்கும் சமூகத்தில், இரைச்சலும் சாதிக் கேள்வியே.

உட்செவியிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் அதிர்வெண் ஒலிகள் மறைகின்றன. பிறர் பேசும் குரல் கேட்கும். சொற்கள் பிரிந்து புலப்படா. குருதியோ வலியோ இல்லாததால் இவ்விழப்பு எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. முதுமை என்று குடும்பமும், கவனக்குறைவு என்று மேற்பார்வையாளரும் அதற்குப் பெயர் சூட்டிவிடுகின்றனர்.

இரைச்சலின் தீங்கை அதன் அளவும் அதில் கழியும் நேரமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. தொழிற்சாலைகளுக்கான இந்திய மாதிரி விதிகளின்படி 90 டெசிபலில் எட்டு மணி நேரமே இருக்கலாம். ஒவ்வொரு 5 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும்: 95 டெசிபலில் நான்கு மணி, 100 டெசிபலில் இரண்டு மணி. தறிகள் நெருங்கி ஓடும் கூடத்தில் 100 டெசிபல் அரிதன்று. அங்கே பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர், அனுமதிக்கப்பட்டதைப்போல் ஆறு மடங்கு இரைச்சலை ஏற்கிறார். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை இன்னும் கடுமையானது. அதன்படி 100 டெசிபலில் பதினைந்து நிமிடங்களே இருக்கலாம்.

எனவே வேலை நேரத்தைப் பற்றிய ஒவ்வொரு விவாதமும் செவியைப் பற்றிய விவாதமுமாகும். அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1946இல், தொழிற்சாலைகளின் வார வேலை நேரம் 54இலிருந்து 48 மணியாகக் குறைந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. கடும் எதிர்ப்புக்குப் பின்னரே அது திரும்பப் பெறப்பட்டது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்றால், நம் விதிகளின் கணக்கிலேயே எல்லை 90 அன்று, ஏறத்தாழ 87 டெசிபல். வேலை நேரத்தை நீட்டக் கோரியவர்கள் இந்த எல்லையைக் குறைப்பது பற்றிப் பேசவில்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வேறொரு கதவையும் அடைத்துள்ளது. மின்விசையால் இயங்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே அது தொழிற்சாலை என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். புதிய சட்டம் அதை இருபது ஆக்கிவிட்டது. சிறு தறிக்கூடங்களில் பல, தொழிற்சாலை என்ற வரையறைக்கே வெளியே நிற்கும்.

ஆயினும் கையிலுள்ள ஆயுதங்கள் சில உண்டு. இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பு, இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் நெடுங்காலமாக இருக்கிறது. அத்தகைய வேலையில் ஒருவர் தொடர்ந்து ஆறு மாதங்களுக்குக் குறையாமல் பணிபுரிந்திருந்தால், நோய் வேலையால் வந்ததாகவே கருதப்படும். அல்லவென மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஆனால், வேலையில் சேர்ந்தபோதே செவித்திறன் பரிசோதிக்கப்படாத தொழிலாளியிடம் ஒப்பிட்டுக் காட்ட எந்த ஆவணமும் இல்லை. ஒப்பந்தக்காரரின் ஏட்டில் பெயரே இல்லாதவருக்கு ஆறு மாதப் பணியை நிறுவுவதும் போராட்டமாகிறது.

பஞ்சடைப்பான்களை வழங்கிவிட்டுக் கடமை முடிந்தது என்போர் பாதுகாப்பைத் தலைகீழாக்குகின்றனர். எந்திரத்தைப் பராமரித்து அதிர்வைத் தணிப்பது, கூரையிலும் சுவரிலும் ஒலி உறிஞ்சும் பொருள்களைப் பொருத்துவது, சுழற்சி முறையில் ஓய்வளிப்பது ஆகியவை முதலில் வர வேண்டும். காதடைப்பான் இறுதித் தற்காப்பு மட்டுமே.

களத்துக்குச் செல்லும் மாணவர்களுக்கு எளிய சோதனை ஒன்று: கையெட்டும் தொலைவில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், இரைச்சல் 85 டெசிபலை எட்டியிருக்கக்கூடும். அதைக் குறித்துக்கொண்டு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் முறையான அளவீட்டைக் கோருங்கள். வேலையில் சேரும்போதும் ஆண்டுதோறும் செவித்திறன் பரிசோதனை, அறிக்கையின் நகல் தொழிலாளியின் கையில், தொழிலாளர் எண்ணிக்கை எதுவாயினும் ஒரே எல்லை: சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கு அடுத்த வரியில் இவை இடம்பெற வேண்டும். இழந்த செவியை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது. இன்னும் கேட்கும் செவிகளையாவது காக்க முடியும்.