முன்னர் அதிகாரி, பின்னர் விமானி

ஓட்டுபவர் இன்றித் தானே வானில் செல்லும் ஊர்தி ஒன்றைப் புறநானூற்றுப் புலவர் கற்பனையில் கண்டார். ஊர்தி செலுத்துபவரை ‘வலவன்’ என்று அழைத்தது சங்கத் தமிழ். அத்தகைய வான் வலவராக வேண்டும் என்னும் வேட்கை இன்று வடலூர், நெய்வேலி வட்டாரத்து இளைஞர் பலருக்கும் உண்டு. நிலத்தை அகழ்ந்து பழுப்பு நிலக்கரி எடுத்து, நாட்டுக்கு ஒளி தரும் பகுதி இது. சுரங்கத்தில் உழைத்த தந்தையரின் மக்கள் விண்ணை நோக்குவதில் வியப்பொன்றும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் பயின்ற மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். “ஐயா, விமானி ஆக வேண்டும். தனியார் பயிற்சிக்குப் பல இலட்சம் கேட்கிறார்கள். அத்தா நிலத்தை விற்கவும் இசைந்துவிட்டார். படையில் சேர்ந்தால் செலவின்றிப் பறக்கலாமாமே, உண்மையா?” என்று வினவினார். அவ்வினாவில் பாதி உண்மை இருந்தது. மற்றப் பாதியை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அதனை எல்லார்க்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசு தன் செலவில் விமானப் பயிற்சி அளிக்கிறது என்பது மெய். ஆயின், அது விமானிகளை உருவாக்கும் பள்ளி மட்டும் அன்று. அது அதிகாரிகளை உருவாக்கும் பாசறை. அங்கு ஒருவர் முதலில் அதிகாரி ஆகத் தகுதி பெறவேண்டும். பறத்தல் அதன்பின் வருவது. இவ்வரிசையை மாற்றிப் புரிந்துகொள்வோர் ஏமாற்றம் அடைவர்.

வாயில்களும் வயதும்

முதல் வாயில், புனே நகருக்கு அருகில் கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகம். பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்கு உட்பட்டோர் இதற்குரிய தேர்வை எழுதலாம். மேல்நிலை இரண்டாம் ஆண்டு பயில்வோரும் விண்ணப்பிக்கலாம். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் இத்தேர்வில் கணிதத்திற்கு 300, பொதுத்திறனுக்கு 600 என மொத்தம் 900 மதிப்பெண்கள். அதன்பின் நடைபெறும் நேர்காணல் தேர்வுக்கும் 900 மதிப்பெண்கள். கடக்வாஸ்லாவில் மூன்றாண்டுகள் பயின்றபின், ஐதராபாத்தை அடுத்த துண்டிகல் விமானப்படைக் கழகத்தில் பயிற்சி தொடரும். 2022ஆம் ஆண்டு முதல் கடக்வாஸ்லாவில் மகளிரும் பயில்கின்றனர்.

கல்லூரியில் அடியெடுத்து வைத்த நம் மாணவர் பலர்க்கு இவ்வாயில் மூடும் தறுவாயில் இருக்கும். அல்லது மூடியே போயிருக்கும். என்னிடம் வந்த மாணவரின் நிலையும் அதுவே. ஆயினும் அவர் மனம் தளர வேண்டியதில்லை. பட்டதாரிகளுக்கெனப் பாதுகாப்புப் பணிகளுக்கான ஒருங்கிணைந்த தேர்வு, விமானப்படையே நடத்தும் ஏ.எஃப்.கேட் தேர்வு, தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் ‘சி’ சான்றிதழ் பெற்றோர்க்கான தனி வழி என வேறு வாயில்களும் உள்ளன. இவற்றிற்கு வயது இருபது முதல் இருபத்து நான்கு வரை.

இங்கே தமிழ்த்துறை மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏ.எஃப்.கேட் வழியே பறப்புப் பிரிவில் சேர, பட்டப்படிப்பு எப்பாடமாகவும் இருக்கலாம். அறுபது விழுக்காடு மதிப்பெண் வேண்டும். மேல்நிலை வகுப்பில் கணிதமும் இயற்பியலும் பயின்று, ஒவ்வொன்றிலும் ஐம்பது விழுக்காடு பெற்றிருத்தலும் வேண்டும். ஆகவே, அவ்விரு பாடங்களையும் பயின்றபின் தமிழ் இலக்கியம் கற்கும் ஒருவர் விமானி ஆவதற்குத் தடையில்லை.

ஐந்து நாள் சோதனை

எழுத்துத் தேர்வில் வென்றோர் தேர்வுக் குழுவின் முன் ஐந்து நாள் தங்கவேண்டும். முதல் நாளிலேயே பலர் திருப்பி அனுப்பப்படுவர். ஒரு படத்தை அரைநிமிடம் காட்டிக் கதை எழுதச் சொல்வர். குழுவாக விவாதிக்கச் செய்வர். கயிறும் பலகையும் தந்து தடைகளைக் கடக்கச் சொல்வர். பாடநூலறிவு அங்கே பெரிதும் உதவாது. பிறரோடு இணைந்து உழைப்பவரா, இடர்ப்பாட்டில் முடிவெடுப்பவரா, உண்மை பேசுபவரா என்றே நோக்குவர். தமிழ்வழி பயின்றோர் ஆங்கில உரையாடலில் தயங்குவதுண்டு. அறிவுக் குறையால் வரும் தயக்கம் அன்று அது. பழக்கம் இன்மையால் வருவது. பழகினால் தீரும்.

விமானிக்குரிய திறனறி சோதனை தனியே உண்டு. அதில் ஒருமுறை தவறியவர் மறுமுறை அதனை எழுத இயலாது. பார்வைத்திறன், நிறம் பகுத்துணரும் திறன், உயரம், கால்நீளம் ஆகியவற்றிற்கும் கண்டிப்பான அளவுகள் உள்ளன. இவையனைத்தையும் கடந்து துண்டிகல் சென்றவரிலும் பறப்புப் பயிற்சியில் தேறாதோர் உண்டு. அவர் தரைப்பணிக்கு மாற்றப்படலாம், விலக்கவும் படலாம். தேறியவர்க்கும் போர்விமானமா, சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா என்பதைப் படையின் தேவையும் அவர்தம் திறனுமே முடிவு செய்யும். ஏ.எஃப்.கேட் வழிச் சேர்ந்த விமானி பதினான்கு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும்.

எனவே, இவ்வழியைத் தேரும் இளைஞர் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ளட்டும்: “எனக்குப் பறக்கும் வாய்ப்புக் கிட்டாவிடினும், சீருடை அணிந்த அதிகாரியாக நான் மனநிறைவோடு வாழ்வேனா?” ஆம் எனில் இவ்வழி அவர்க்குரியது. இல்லை எனில், செலவில்லை என்ற ஒன்றுக்காக மட்டும் இதனை நாடுதல் தகாது.

ஒன்பதாம் இடம்

இராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் குரோம்பேட்டையில் வானூர்திப் பொறியியல் கற்றவர். 1958ஆம் ஆண்டு விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். இருபத்தைந்து பேரில் எண்மர் தேர்வாயினர். அவர் பெற்றதோ ஒன்பதாம் இடம். ஓரிடம் தவறியதால் இளமைக் கனவு கலைந்தது. உள்ளம் உடைந்த அவர் ரிஷிகேஷ் சென்று, மனம் தேறி, பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பணியில் சேர்ந்தார். ஏவுகணைகளைப் படைத்தார். குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006 ஜூன் 8 அன்று, எழுபத்து நான்காம் வயதில் புனேயில் சுகோய்-30 போர்விமானத்தில் பறந்தார். தோற்றவர்க்கும் வாழ்வு உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மனச்சான்றும் மூத்தோரும்

1867இல் தருமச்சாலை கண்டு, எவ்வுயிர்க்கும் இரங்குக என வள்ளலார் போதித்த வடலூரில் படைத்தொழிலைப் பரிந்துரைப்பது முறையா எனச் சிலர் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் ஹெலிகாப்டர்களில் உணவும் மருந்தும் கொணர்ந்தோர் படைவிமானிகள். அதேவேளை, போர் மூண்டால் குண்டு வீசுவதும் அவர்தம் கடமையே. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மை அன்று. இரண்டையும் அறிந்து, தம் மனச்சான்றோடு கலந்தே இளைஞர் முடிவெடுக்க வேண்டும்.

‘நம் பிள்ளைகளை அங்கே எடுப்பார்களா?’ என ஐயுறும் பெரியவர்களையும் நான் கண்டதுண்டு. ஐதராபாத்தில் பிறந்த இத்ரிஸ் ஹசன் லத்தீஃப் 1942இல் விமானப்படை அதிகாரியானார். 1947இல் நாடு பிரிந்தபோது இந்தியாவையே தம் நாடாகத் தேர்ந்தார். 1978 முதல் 1981 வரை அப்படைக்கே தலைமைத் தளபதியாக விளங்கினார். ஐயம் கொண்டு வாயிலருகே செல்லாதிருப்பின், வாயில் திறந்திருந்தும் பயனில்லை அன்றோ?

சமுதாயப் பெரியோர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் கண்ணைச் சோதியுங்கள். கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவை அவர் அறிந்து தேர்ந்திட உதவுங்கள். பதினாறரை வயதில் திறக்கும் வாயிலைப் பதினைந்தாம் வயதிலேயே காட்டுங்கள். கல்லூரியில் வாரம் ஒரு மணி நேரமேனும் ஆங்கில உரையாடலுக்கு ஒதுக்குங்கள்.

என்னிடம் வந்த மாணவர் தந்தையின் நிலத்தை விற்கவிடவில்லை. ஏ.எஃப்.கேட் தேர்வை இருமுறை எழுதினார்; தேர்வுக் குழுவரை சென்று திரும்பினார். இன்று அவர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர். அப்பள்ளி மாணவர்க்குக் கடக்வாஸ்லா என்னும் பெயர் பதினைந்து வயதிலேயே தெரியும். அவர்க்குக் காலம் கடந்து கிடைத்த செய்தி அவர் மாணவர்க்குக் காலத்தே கிடைக்கிறது. நம் இல்லங்கள் தோறும் அது கிடைக்கட்டும்.