இரண்டு வாரத்து அம்மாக்கள்

அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் அநேகமாக இருக்க முடியாது. செம்மண் முற்றம், பின்னால் தகரக் கூரை, நடுவில் மண்டியிட்டுச் சிரிக்கும் ஒரு வெளிநாட்டுக் கல்லூரி மாணவி. அவர் கழுத்திலும் முதுகிலும் தொங்கிக்கொண்டு ஏழெட்டு ஆப்பிரிக்கக் குழந்தைகள். கீழே, கொடுக்கப் போனேன், பெற்றுத் திரும்பினேன் என்கிற ரீதியில் ஒரு வரி. விடுமுறைக்கு உகாண்டா, கென்யா, கானா என்று எங்காவது போய் அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் 'சேவை' செய்துவிட்டு வருவது இன்று பெரிய வியாபாரம். விமான டிக்கெட் தனி, ஏற்பாடு செய்து தரும் நிறுவனத்துக்குக் கட்டும் பணம் தனி.

போகிறவர்களின் நல்ல மனசில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் வேறு. அந்தக் குழந்தைகள் அனாதைகள்தானா?

பெரும்பாலும் இல்லை! கானா நாட்டில் 2009-ல் சமூக நலத்துறை கணக்கெடுத்தபோது, இல்லங்களில் இருந்த சுமார் 4,500 குழந்தைகளில் 90 சதவீதம் வரை அனாதைகளே இல்லை என்று தெரிந்தது. 148 இல்லங்களில் 140-க்கு உரிமமும் இல்லை. அதே ஆண்டு 'சேவ் த சில்ரன்' அமைப்பு, உலகெங்கும் இப்படி விடுதிகளில் வளரும் குழந்தைகளில் ஐந்துக்கு நான்கு பேருக்காவது அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார் என்று சொன்னது. 'அனாதை' என்ற கணக்கே கொஞ்சம் வில்லங்கமானது. பெற்றோரில் ஒருவர் இறந்தாலே யுனிசெஃப் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடும். 2015 கணக்கில் உலகில் சுமார் 14 கோடி அனாதைகள். அதில் இருவரையும் இழந்தவர்கள் ஒன்றரைக் கோடி. விளம்பரத்தில் வருவது முதல் எண் மட்டும்தான்.

அம்மா இருக்கிற பிள்ளை எப்படி அங்கே போய்ச் சேருகிறது? ஏழைத் தாய், மூன்று பிள்ளைகள், பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லை. டவுனிலிருந்து ஒருவர் வந்து, மூன்று வேளைச் சோறு, சீருடை, இங்கிலீஷ் படிப்பு எல்லாம் இலவசம் என்கிறார். எந்தத் தாய் மறுப்பாள்? இல்லத்துக்கோ குழந்தைகள் இருந்தால்தான் வெள்ளைக்காரர்கள் வருவார்கள், அவர்கள் வந்தால்தான் டாலர் வரும். கட்டில் காலியாக இருக்கக் கூடாது. உகாண்டாவில் 1990-களின் இறுதியில் ஆயிரத்துச் சொச்சமாக இருந்த இல்லக் குழந்தைகளின் எண்ணிக்கை, இருபது ஆண்டுகளுக்குள் 50,000-ஐத் தொட்டுவிட்டதாக மதிப்பிட்டார்கள். எய்ட்ஸ் சாவுகள் குறைந்துகொண்டு வந்த காலம் அது என்பதைக் கவனிக்க வேண்டும். அனாதைகள் பெருகியதால் இல்லங்கள் பெருகவில்லை. வருகிறவர்களுக்குக் கட்டிப்பிடிக்க அனாதைகள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கட்டிப்பிடிப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்பின் தெரியாத ஆள் வாசலில் வந்து நின்றதும் ஓடிவந்து மடியில் ஏறும் குழந்தையைப் பார்த்து எல்லோரும் உருகுகிறார்கள். வீட்டில் வளரும் நாலு வயதுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் என்ன செய்யும்? அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளியும். யாராக இருந்தாலும் பாய்ந்து ஒட்டிக்கொள்வது, நிலையாக ஒருவர் கையில் வளராததன் அடையாளம் என்கிறார்கள் குழந்தை மனநல மருத்துவர்கள். அந்தக் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு புது அம்மா, இரண்டு வாரத்துக்கு ஒரு பிரிவு. வருடத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். விமான நிலையத்தில் அழுகிறவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பிரிவுதான்.

வேலையாவது உருப்படியாக நடக்கிறதா? அமெரிக்காவின் பிப்பா பிடில் 2014-ல் எழுதியது பிரசித்தம். பள்ளி நாட்களில் தான்சானியாவுக்குப் போய் இவர்கள் பகலெல்லாம் கட்டிய சுவரை, உள்ளூர் ஆட்கள் ராத்திரியில் இடித்து ஒழுங்காகக் கட்டி வைத்தார்களாம், இவர்கள் மனம் நோகக் கூடாதென்று! கொத்தனாருக்கு அங்கே பஞ்சமில்லை. அவருக்குக் கூலி கொடுக்கத்தான் ஆளில்லை.

"ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது பரவாயில்லையே" என்பார்கள். நிஜமாகவே யாருமில்லாத குழந்தைகளும் உண்டுதான். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவில் இல்லாத அனாதைகளா? அந்த நாடே 2012-ல், இல்லங்களை மூடி பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்ப்பது என்று முடிவெடுத்தது. அப்போது 33 இல்லங்களில் 3,300-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பிறகு ஊருக்கு இரண்டு பேர் வீதம் நாடு முழுக்க 29,000-க்கும் அதிகமான தொண்டர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 'குடும்பத்தின் நண்பர்கள்' என்று பெயர். அவர்களும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான். ஆனால் பிள்ளையின் மொழி தெரியும், அடுத்த தெருவில் வீடு, விசா முடிந்து கிளம்பவும் மாட்டார்கள்.

மற்ற இடங்களிலும் விழித்துக்கொண்டார்கள். கென்யா 2017-ல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. இல்லங்களில் இப்படித் தொண்டு செய்வதால் வரும் தீங்கைத் தடுக்க வேண்டுமென்று 2019-ல் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானம் போட்டது. ஏற்பாட்டு நிறுவனங்களின் விளம்பரங்களில் மட்டும் இது எதுவும் காணோம்.

ஆப்பிரிக்காவில் அனாதைகளில் மிகப் பெரும்பாலோரை வளர்ப்பது பாட்டிகளும் அத்தைகளும் சித்திகளும்தான். கென்ய அரசு 2004-ல் 500 குடும்பங்களோடு சோதனையாக ஒரு திட்டம் தொடங்கியது. அனாதைப் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றும் ஏழை வீட்டுக்கு நேரடியாகப் பணம், பின்னாளில் மாதம் 2,000 ஷில்லிங். 2012 வாக்கில் அது சுமார் 23 டாலர். இரண்டு வாரச் சேவைக்கு நிறுவனத்துக்குக் கட்டும் பணம் ஆயிரம் டாலர்தான் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பாட்டி மூன்றரை வருடம் பேரனைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள அது போதும். விமான டிக்கெட்டை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.