எண்பது ஆண்டு பிந்திய பட்டம்

1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தா பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையில் பட்டமளிப்பு விழா. வேந்தர் என்ற முறையில் வங்காள ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சன் உரையாற்றிக்கொண்டிருந்தார். பட்டம் வாங்க வந்திருந்தோர் நடுவிலிருந்து இருபது வயது பீனா தாஸ் எழுந்து மேடையை நோக்கி நடந்தார். அங்கிக்குள் மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குண்டுகள் குறி தவறின. துணைவேந்தர் ஹசன் சுஹ்ரவர்தி பாய்ந்து அவரைப் பிடித்தார். நீதிமன்றம் ஒன்பது ஆண்டு கடுங்காவல் விதித்தது. அவர் தேறியிருந்த பி.ஏ. பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சிட்டகாங்கில் உயிர்துறந்த புரட்சியாளர் பிரீதிலதா வத்தேதாரின் பட்டத்துக்கும் அதே கதிதான். பல்கலைக்கழகம் இருவருக்கும் பட்டம் வழங்கியபோது 2012 ஆகிவிட்டது. பீனா தாஸும் 1986இலேயே ரிஷிகேசத்தில் மறைந்திருந்தார்.

'பட்டமளிப்பு' என்ற சொல்லே நம்மைச் சற்றுத் திசைதிருப்புகிறது. மேலே நிற்பவர் அளிக்கிறார், கீழே நிற்பவர் ஏற்கிறார் என்ற எண்ணத்தை அது ஊட்டிவிடுகிறது. பட்டம் கொடையில்லை, படித்துத் தேறியவர் ஈட்டியது. இன்னார் இன்னதைக் கற்றார் என்று சான்று சொல்வதே பல்கலைக்கழகத்தின் வேலை. அந்தச் சான்றை மறைக்கும்போது அது தன் கடமையில்தான் தவறுகிறது. கல்கத்தாவுக்கு இது புதிதும் அல்ல. சந்திரமுகி பாசு 1876இல் நுழைவுத் தேர்வில் தேறினார். பெண்ணைத் தேறியவராக ஏற்க விதியில் இடமில்லை என்று அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. விதி மாறியது, 1883இல் அவரும் காதம்பினி கங்குலியும் அங்கே முதல் பெண் பட்டதாரிகள் ஆனார்கள். பல்கலைக்கழகம் ஏற்க மறுத்த ஆண்டுகளிலும் சந்திரமுகி கற்றது கற்றதுதான்.

கொலை செய்யத் துணிந்தவருக்கும் பட்டமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேசிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரைச் சுடுவதை நாம் போற்றவில்லை. ஆனால் அந்தச் செயலுக்குத் தண்டனை தர நீதிமன்றம் இருந்தது, தரவும் செய்தது. அவர் எழுதிய தேர்வு துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னரே முடிந்துவிட்டது. நன்னடத்தைக்குச் சான்று தருவது வேறு, கல்விக்குச் சான்று தருவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால், ஆள்வோருக்குப் பிடிக்காத எவருடைய படிப்பையும் இல்லையென்று சொல்லிவிட முடியும். பிரீதிலதா எந்தப் பட்டமளிப்பு மேடையையும் குலைத்தவர் அல்லர். அவருடைய பட்டமும் நின்றது என்பதை மறக்கக் கூடாது.

ஆளுநரே வேந்தர் என்ற ஏற்பாடு வெள்ளையர் காலத்து எச்சம், இன்றும் தொடர்கிறது. 2023இல் தமிழகப் பல்கலைக்கழகங்களில் விழாக்கள் தள்ளிப்போக, பல லட்சம் பேர் பட்டத்துக்குக் காத்திருக்க நேர்ந்தது. தற்காலிகச் சான்றிதழை நெகிழி உறையில் போட்டுக்கொண்டு வேலைக்கும் மேற்படிப்புக்கும் அலைந்தவர்களுக்குத்தான் அந்தக் காத்திருப்பின் கனம் தெரியும். 2025 ஆகஸ்ட்டில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக விழாவில், முனைவர் பட்டம் பெற வந்த ஒருவர் ஆளுநரைத் தவிர்த்துத் துணைவேந்தரிடம் பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். மேடையின் கண்ணியம் கெட்டது என்றனர் சிலர். அமைதியாக ஒருவர் தன் மறுப்பைத் தெரிவிப்பதால் கெட்டுப்போகும் கண்ணியம் பல்கலைக்கழகத்துக்கு வேண்டியதில்லை. அவருடைய ஆய்வு யார் கையால் வந்தாலும் அவருடையதே.

அப்படியானால் விழாவே எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கும் பிள்ளையின் பெயர் அரங்கில் ஒலிப்பதைக் கேட்க ஊரிலிருந்து பேருந்தேறி வரும் தாய் தந்தைக்கு அந்த நாள் வேண்டும். விழா நடக்கட்டும், அது அவர்களுடைய நாளாக நடக்கட்டும். ஆனால் பட்டச் சான்றிதழ் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. தேர்வு முடிவு வந்த சில வாரங்களுக்குள் அது தேறியவர் கையில் சேர வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் விதி செய்யட்டும். விருந்தினரின் தேதி கிடைக்கவில்லை என்பதோ, மேலே அமர்ந்திருப்பவரின் மனத்தாங்கலோ அதற்குத் தடையாகக் கூடாது. 2012இல் பட்டம் வந்தபோது வாங்கிக்கொள்ள பீனா தாஸ் இல்லை. பட்டம் வாங்க வேண்டியவர் உயிரோடு, இளமையோடு இருக்கும்போதே அது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.