பாராட்டுச் சீட்டு பசி தீர்க்குமா?

விமானத்தில் தமக்கு நல்லபடியாகப் பணி செய்த ஊழியரைப் பாராட்டிப் பயணிகள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். இப்போது கைப்பேசியிலேயே மதிப்பெண் போடவும் வசதி வந்துவிட்டது. அதிகப் பாராட்டு வாங்கியவருக்கு நிர்வாகம் சான்றிதழ் வழங்கும். படம் எடுத்து மாட்டும். சில கம்பெனிகள் பரிசும் தரும். உழைப்பவரைப் பாராட்டுவதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால், பயணி மனமுவந்து கொடுக்கும் அந்தப் பாராட்டு ஊழியரின் வீட்டுக்கு என்னவாகப் போய்ச் சேருகிறது என்று விசாரிக்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

ஆகாயத்தில் பறப்பவர்களின் சங்கதி மைசூரில் வேலை பார்க்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் எதற்கு என்று தோன்றலாம். இரண்டு காரணங்கள் உண்டு. 2010-ல் மண்டகள்ளி விமான நிலையம் திறக்கப்பட்ட பிறகு, விமான வேலை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு எட்டிய பொருளாகிவிட்டது. பன்னிரண்டாவது முடித்த பெண்ணை விமானப் பணிப்பெண் ஆக்குகிறோம் என்று சொல்லும் பயிற்சி நிலையங்களுக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். அடுத்தது, பயணியிடம் மதிப்பெண் வாங்கும் முறை விமானத்தோடு நிற்கவில்லை. ரயில் பெட்டியைச் சுத்தம் செய்பவர், ஓட்டலில் சாப்பாடு பரிமாறுபவர், வீட்டுக்குப் பார்சல் கொண்டுவருபவர் எல்லோருக்கும் அது வந்துவிட்டது. ஆகாயத்தில் நடக்கும் நியாய அநியாயம் தரையில் இருப்பவரையும் தொடும்.

முதலில், விமானப் பணியாளரின் வேலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காப்பியும் சாப்பாடும் கொடுப்பது அந்த வேலையில் ஒரு பகுதிதான். ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளராவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது காப்பிக்காக அன்று, உயிருக்காக. ஒரு புது ரக விமானம் பறக்க அனுமதி பெற வேண்டுமானால், பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி, 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அந்த வாசலில் நின்று கூட்டத்தை வழிநடத்துகிறவர்தான் இந்தப் பணியாளர்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று தரையிறங்கியபோது கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பற்றியது. காவல்படை விமானத்தில் ஐந்து பேர் மாண்டனர். தீப்பிடித்த பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஒலிபெருக்கி வேலை செய்யாத நிலையில், புகைக்கு நடுவே, கூவிக் கூவி வழிகாட்டியவர்கள் விமானப் பணியாளர்கள். எட்டு வாசல்களில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. நெருப்பு இருக்கும் வாசல் எது, இல்லாத வாசல் எது என்று பார்த்து முடிவு செய்யும் பொறுப்பு அவர்களுடையது. 1986-ல் கராச்சியில் பான்ஆம் விமானம் கடத்தப்பட்டபோது பயணிகளைக் காக்க உயிர் கொடுத்த நீரஜா பனோட்டுக்கு இந்தியா அசோக சக்கர விருது வழங்கியதும் இந்தப் பொறுப்பை மதித்துத்தான்.

இந்தத் திறமையைச் சாதாரண நாளில் எந்தப் பயணி பார்க்கிறார்? எதுவும் நடக்காத பயணத்தில் அது வெளியே தெரிவதே இல்லை. பார்க்கப்போனால், பொறுப்பாக வேலை செய்பவர் பயணியிடம் பல முறை 'முடியாது' என்று சொல்ல வேண்டியிருக்கும். வழியில் வைத்த பையை எடுக்கச் சொல்ல வேண்டும். பெல்ட் போடாதவரைப் போடச் சொல்ல வேண்டும். போதை ஏறியவருக்கு மேலும் மது தர மறுக்க வேண்டும். இப்படிச் சட்டம் பேசியவருக்கு யாராவது பாராட்டுச் சீட்டு எழுதுவாரா? புகார் வராமல் இருந்தால் போதும். கேட்டதற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டியவருக்குப் பத்துக்குப் பத்து. கடமையைச் செய்தவருக்குக் கடுகடுப்பானவர் என்ற பெயர். சிரிப்பை அளக்கிற படி கடமையை அளக்காது.

பாராட்டும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், அடிக்கடி பறக்கும் உயர்நிலை உறுப்பினர்களிடம் பாராட்டுச் சீட்டுகளைக் கொடுத்து, நல்ல ஊழியருக்கு வழங்கச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு ஒரு முறை பணம் சேர்த்துப் பறக்கும் சாதாரணக் குடும்பத்திடம் அந்தச் சீட்டு ஏது? கைக்குழந்தையோடு கடைசி வரிசையில் தவித்த தாய்க்கு உதவியவருக்கு வாய் நன்றிதான் கிடைக்கும். சீட்டு முன் வரிசைக்குப் போகும். பணக்காரர் அருகில் நிற்பவருக்குப் பரிசு வாய்ப்பு அதிகம் என்றால், அதற்குத் திறமைக்குக் கொடுக்கும் வெகுமதி என்று பெயர் வைக்கலாமா?

2018 மார்ச்சில் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஒரு படி மேலே போனது. ஊழியர் எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிடைத்துவந்த சிறு போனஸை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகக் குலுக்கல் நடத்தப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. ஒருவருக்கு ஒரு லட்சம் டாலர். சிலருக்கு மெர்சிடிஸ் கார். இன்னும் சிலருக்கு உல்லாசப் பயணம். மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேடிக்கை பார்க்கும் பாக்கியம்! ஊழியர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் பின்வாங்கியது. எல்லோருக்கும் உரிமையாக வர வேண்டியதை எடுத்துச் சிலருக்குப் பரிசாகக் கொடுப்பது கணக்கில் லாபம்; நியாயத்தில் நஷ்டம். பரிசுத் திட்டம் எதைப் பார்த்தாலும், இதற்காக எதைப் பிடித்தம் செய்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே அந்தச் சம்பவம் கற்பித்த பாடம்.

ஊழியருக்கு உண்மையில் தேவை எது என்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் விமானத்தின் கதவு மூடிய பிறகுதான் பணியாளரின் சம்பள மணி ஓடத் தொடங்கும் என்பது நெடுநாள் வழக்கம். பயணிகளை ஏற்றுவது, மூட்டைகளை அடுக்க உதவுவது, தாமதமான விமானத்துக்காகக் காத்திருப்பது எல்லாம் ஏறத்தாழ இனாம் வேலை. 2022-ல் டெல்டா நிறுவனம், பயணிகளை ஏற்றும் நேரத்துக்குப் பாதி விகிதத்தில் சம்பளம் தர ஆரம்பித்தது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பணியாளர்கள் சுமார் பத்தாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைக்குத் திரும்பும்படி அரசுத் தரப்பிலிருந்து வந்த உத்தரவுக்கும் பணியவில்லை. தரையில் செய்யும் வேலைக்கும் சம்பளம் என்பதை ஒப்பந்தத்தில் ஏற்க வைத்த பிறகே பணிக்குத் திரும்பினார்கள். பாராட்டுச் சீட்டு இன்னும் நிறைய வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

இந்தியாவிலும் இதே கதைதான். 2022 ஜூலை 2 அன்று இண்டிகோ விமானங்களில் பாதிக்கு மேல் தாமதமாயின. பணியாளர் பலர் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்து, ஏர் இந்தியாவின் ஆள் எடுப்புக்குப் போய்விட்டதாகச் செய்திகள் வந்தன. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர் நூற்றுக்கணக்கில் ஒரே சமயத்தில் விடுப்பு எடுத்தார்கள். படிகள் குறைக்கப்பட்டன, சமமாக நடத்தப்படவில்லை என்பவை அவர்கள் சொன்ன குறைகள். விமானங்கள் ரத்தாயின. இருபத்தைந்து பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு நடந்து, அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். பயணியிடம் நல்ல பெயர் வாங்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். நல்ல பெயர் வேலையைக் காப்பாற்றவில்லை, ஒற்றுமை காப்பாற்றியது.

இன்னும் பின்னால் போனால், ஏர் இந்தியாவில் ஒரு காலத்தில் பணிப்பெண்ணுக்கு 35 வயதில் ஓய்வு. முதல் கர்ப்பம் உண்டானாலே வேலை போய்விடும். நர்கேஷ் மிர்சா வழக்கில் 1981-ல் சுப்ரீம் கோர்ட்டு, கர்ப்பத்துக்காக வேலையை விட்டு நீக்கும் விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெண்களின் கோரிக்கை முழுவதையும் கோர்ட்டு ஏற்கவில்லை என்றாலும், அந்த ஒரு தீர்ப்பு செய்த நன்மையை ஆயிரம் பாராட்டுக் கடிதங்கள் செய்திருக்குமா?

இதனால் பாராட்டே வீண் என்று ஆகிவிடாது. நாள் முழுவதும் நின்று வேலை செய்தவருக்கு ஒரு நல்ல வார்த்தை மருந்து போல. பின்னால் யாரோ பொய்ப் புகார் கொடுத்து விசாரணை வந்தால், பதிவேட்டில் இருக்கும் பாராட்டு அரணாக நிற்கும். நல்ல வேலைக்குச் சான்றிதழும் ரொக்கமும் தரும் வழக்கம் ரயில்வேயிலும் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அசோகபுரம் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பள விகிதம் இருக்கிறது, பஞ்சப்படி இருக்கிறது, சங்கம் இருக்கிறது. விருது அவற்றுக்கு மேலே வருவது. சோற்றுக்கு மேலே ஊற்றிய நெய் மணக்கும். இலையில் சோறே இல்லாமல் நெய்யை மட்டும் ஊற்றினால் யார் வயிறு நிறையும்?

நீண்ட தூர ரயில்களில் பெட்டியையும் கழிவறையையும் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியின் கதை இதற்கு உதாரணம். பயணிகள் பூர்த்தி செய்யும் படிவத்தின் மதிப்பெண், ஒப்பந்தக்காரரின் பில்லோடு சம்பந்தப்பட்டது. மதிப்பெண் குறைந்தால் அபராதம். அந்த அபராதம் கடைசியில் யார் தலையில் இறங்கும் என்று விளக்கத் தேவையில்லை. 'மிக நன்று' என்று போடுங்கள் சார் என்று அந்தத் தொழிலாளி கெஞ்சுவது இதனால்தான். தண்ணீர் வராத குழாய்க்கும் உடைந்த கதவுக்கும் அவர் பொறுப்பாளி அல்லர். மதிப்பெண் மட்டும் அவர் பெயரில் விழுகிறது. பாராட்டுக்கு ஊதியம் இல்லை, குறைக்குத் தண்டனை உண்டு என்றால் அதற்குப் பெயர் வெகுமதித் திட்டமா?

ஆகவே, பாராட்டுத் திட்டம் நடத்தும் நிர்வாகம் எதுவானாலும் நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும். பயணி எழுதியதை ஊழியருக்குக் காட்டி, பணிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எத்தனை பாராட்டுக்கு எவ்வளவு தொகை என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். குலுக்கலும் அதிகாரியின் தயவும் கூடாது. அந்தத் தொகைக்காகச் சம்பளத்திலோ படியிலோ போனஸிலோ கை வைக்கக் கூடாது. பயணியின் குறைந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து, விசாரணை இல்லாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது.

பயணிகளுக்கும் கடமை உண்டு. சென்னைக்கு வந்தே பாரத்தில் போனாலும், விமானத்தில் போனாலும், உதவி செய்தவரின் பெயரையும் தேதியையும் வண்டி எண்ணையும் குறித்து, அவர் செய்தது இன்னது என்று இரண்டு வரி எழுதலாம். 'நல்ல சேவை' என்ற பொதுப் பேச்சைவிட அதற்கு மதிப்பு அதிகம். சட்டத்தை எடுத்துச் சொல்லித் தடுத்தவரையும் பாராட்டப் பழக வேண்டும். பெண்ணை விமான வேலைக்கு அனுப்பும் பெற்றோர், சீருடையின் அழகைப் பார்க்கும் முன் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தரையில் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா, பேறுகால விடுப்பு எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. பயணியின் பாராட்டு மனதிலிருந்து வருவது. அதை ஏட்டிலேயே நிறுத்திவிடுவது நிர்வாகத்தின் வேலை. முதலில் கூலி, பிறகு பாராட்டு. வரிசையை மாற்றி வைப்பவர்களை, எத்தனை சான்றிதழ் கொடுத்தாலும், உழைப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.