சீலோவாம் கோபுரமும் அத்திப்பள்ளி குடோனும்

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை பிற்பகல். ஓசூர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து பெங்களூரு சாலையில் போனால் ஜூஜூவாடியைத் தாண்டி வருகிற அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது கடையும் குடோனும் தீப்பற்றின. அன்றே 14 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை. பலர் தர்மபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன்கள், தீபாவளி நேரத்து வேலைக்கு வந்தவர்கள். அதே ஆண்டு ஜூலை 29-இல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு குடோன் வெடித்து 9 பேர் இறந்த துக்கமே அப்போது ஆறியிருக்கவில்லை.

இப்படி ஏதாவது நடந்தால் சபைகளில் ஒரு பேச்சு கிளம்பும்: "எல்லாம் கர்த்தருடைய சித்தம். இது நியாயத்தீர்ப்பு. ஆளுகிறவர் அவர், நாம் கேள்வி கேட்கக் கூடாது." கேட்பதற்கு பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் கடவுள் ஆளுகிறார், நியாயந்தீர்க்கிறார் என்று முழு மனதோடு நம்புகிறவர்கள் இதை ஏற்க முடியாது.

முதலில், செத்தவர்கள்மேல் வந்த தீர்ப்பு என்பது. லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டட விபத்து வருகிறது. எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் ஊரிலிருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். உடனே உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். நம் ஆட்கள் அந்த எச்சரிக்கையை எடுத்து, பதில் சொல்ல முடியாத பிணங்கள்மேல் போடுகிறார்கள். துன்பத்தில் கிடந்த யோபுவைப் பாவி என்று குற்றம்சாட்டிய அவன் நண்பர்கள் செய்ததும் இதுதான். யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல்தான் விழுகிறது.

இந்தப் பழக்கம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1934 ஜனவரி 15-இல் பீகாரில் நிலநடுக்கம் வந்தபோது, தீண்டாமை என்ற பாவத்துக்குத்தான் அந்தத் தண்டனை என்று திருநெல்வேலியில் பேசினார் காந்தி. தாகூர் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார். தீண்டாமை பாவம் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. ஆனால் மண்ணில் புதைந்துபோன குழந்தைகளை அந்தப் பாவத்துக்குச் சாட்சியாக நிறுத்த தாகூர் ஒப்பவில்லை. அதில் நான் தாகூர் பக்கம்.

இரண்டாவது வாதம்தான் ஆபத்தானது: எல்லாம் அவர் சித்தம் என்றால் மனிதரில் குற்றவாளி யார்? யோசேப்பைக் கேளுங்கள். தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மார் தீமையாக எண்ணியதைக் கடவுள் நன்மையாக்கினார் என்று அவன் சொல்கிறான். அப்போதும் அவர்கள் செய்தது தீமைதான் என்பதை அவன் மறைக்கவில்லை. எருசலேமில் பேதுருவும் அப்படித்தான் பேசினார். இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டது கடவுளின் தீர்மானம் என்றவர், அதே மூச்சில், கொன்றது நீங்கள் என்றார். ஆளுகை கடவுளுடையது, குற்றம் செய்தவனுடையது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க வேதம் எங்கும் இடம் கொடுக்கவில்லை.

இதே கடவுள்தான் புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும் என்று உபாகமம் 22-இல் கட்டளையிடுகிறார். வைக்காமல் ஒருவன் விழுந்து செத்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல். யாத்திராகமம் 21-இல் முட்டுகிற மாட்டைப் பற்றி எச்சரித்தும் கட்டிவைக்காத உரிமையாளனுக்கும் தண்டனை.

இதை மூக்கண்டப்பள்ளித் தொழிற்கூடங்களுக்குக் கொண்டுவாருங்கள். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இரும்பை அழுத்துகிற ராம் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. புரொடக்‌ஷன் ஏற வேண்டும் என்று ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிட்டால் ஒரு கை டை அச்சின் அடியில் போய் வரும். விரல் போனபின் ஜெபிக்க வருகிறவர், சித்தம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் அந்த டேப்பை ஒட்டியவனுக்கு அவர் பாவமன்னிப்புச் சீட்டு கொடுத்துவிட்டுப் போகிறார். இயந்திரங்களுக்குக் காப்பு போடச் சொல்லி 1948-இலேயே தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். மோசே அதற்கும் வெகுகாலம் முன்பே சொல்லிவிட்டார்.

மூன்றாவது, பழிவாங்குதல் கர்த்தருடையது, அதனால் வழக்கு எதற்கு என்பது. ரோமர் 12-ஐ வாசித்தவர்கள் ஒரு பக்கம் புரட்டி 13-ஐயும் வாசிக்க வேண்டும். தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரிகளைக் கடவுளே வைத்திருக்கிறார் என்று பவுல் எழுதுவது அங்கேதான். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் தன்னை அடித்துச் சிறையில் போட்டவர்கள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே நேரில் வந்து வெளியே விடட்டும் என்று நின்றவரும் அதே பவுல். அத்திப்பள்ளி வழக்கை கர்நாடக அரசு சிஐடியிடம் ஒப்படைத்ததும் கடவுளின் வேலையில் குறுக்கிடுவது ஆகாது.

அப்படியானால் ஆளுகிறவர் ஏன் அந்தத் தீயைத் தடுக்கவில்லை? யோபுவுக்கே அவர் காரணம் சொல்லவில்லை. அந்தப் பையன்களின் தாய்மாருக்குக் காரணம் சொல்ல நான் யார்? ஆனால் கடைசி நியாயத்தீர்ப்பு இல்லை என்றால், ஃபைல் மூடப்பட்ட ஒவ்வொரு சாவும் அத்தோடு முடிந்துபோகும். முகம் பார்க்காத, லஞ்சம் வாங்காத ஒரு நீதிபதிமுன் அது மறுபடி திறக்கப்படும் என்று நம்புகிறேன். அந்த நாளில் இதில் உன் பங்கு என்ன என்று என்னையும் கேட்பார்.

ஊழியக்காரர்களே, அடுத்த அடக்க ஆராதனையில் நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் உயிரோடு நிற்கிற எங்களிடம் பேசுங்கள். ஆராதனை முடிந்ததும் அந்த வீட்டார் ஈஎஸ்ஐ பாரம் நிரப்பவும் இழப்பீட்டு மனு எழுதவும் கூட உட்காருங்கள்.