உஸ்ஸங்கொடையில் ஒரு நாள்



வவுனியாவில் இருக்கும் என் அக்கா சித்திரைக்கு எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார். பல வருடங்களுக்குப் பின் வந்தவரை லயனுக்குள்ளேயே வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டாரோடு காசு சேர்த்து, போயா நாளில் ஒரு வான் பிடித்தோம்.

"அத்தானும் இல்ல, பிள்ளையும் இல்ல. எனக்கு எதுக்குடி ட்ரிப்பு?" என்றார் அக்கா. பேரப்பிள்ளைகள் விடவில்லை.

கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு விடியுமுன் புறப்பட்டோம். பெல்மடுல்லையில் திரும்பிக் கஹவத்தையைத் தாண்டும்போது அக்கா பேசாமல் இருந்தார். 1977 கலவரத்துக்குப் பின், கல்யாணமான புதிதில், அத்தானோடு இந்தப் பக்கத்தை விட்டுப் போனவர் அவர். கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் அத்தான் இறந்தார். கடைசி மகனுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

எம்பிலிப்பிட்டிய தாண்டியதும் நம் பக்கத்துப் பச்சை குறைந்து வெயில் ஏறியது. நோனாகமவுக்குப் பக்கத்தில், கடலோரத்தில் இருக்கிறது உஸ்ஸங்கொட. 2010ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். சுமார் 350 ஹெக்டேயர். பற்றைக்காட்டு வழியே நடந்தால், திடீரென்று மரமே இல்லாத செம்மண் வெளி. பாலைவனம் போல விரிந்து கடலோரத்தில் முடிகிறது. இராவணனின் விமானம் இறங்கிய இடம் என்று ஊரார் சொல்வார்கள். பிள்ளைகள் ஓடினார்கள்.

அக்கா நின்றுவிட்டார். என் கையை இறுக்கிப் பிடித்தார். "மறைய ஒரு மரம் இல்லையேடி" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்டவெளி, மணல், கடல். எனக்கு வேடிக்கையாகத் தெரிந்தது அவருக்கு வேறாகத் தெரிந்திருக்கிறது. "வாங்க, ஒண்ணுமில்ல" என்று இழுக்கத்தான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, இழுக்கவில்லை. பற்றை நிழலில் இருவரும் உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பேத்தி கூப்பிட்டாள். தரையோடு தரையாகப் படர்ந்த செடியில் சின்ன நீலப் பூ. அக்கா எட்டிப் பார்த்தார். "விஷ்ணுகிரந்தி. கிளிநொச்சி வளவிலயும் நின்டது. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தா இதைத்தான் அவிச்சுக் குடுப்பேன்" என்றார். சின்னவனைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டது அன்றுதான். பிறகு அவன் குறும்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அழுதார், சிரிக்கவும் செய்தார்.

அங்குள்ள மண்ணில் இரும்பு, மக்னீசியம், நிக்கல் அதிகம். செடிக்கு வேண்டிய சத்துக் குறைவு. இரும்பினால்தான் அந்தச் சிவப்பு. பெரிய மரங்கள் அங்கே வேர் பிடிப்பதில்லை. விஷ்ணுகிரந்தி போன்றவை குட்டையாகப் படர்ந்து பிழைக்கின்றன. ஓரிதழ்த்தாமரை நிக்கலை உறிஞ்சித் தன் உடம்பிலேயே சேர்த்துக்கொள்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பூங்கா என்பதால் எதையும் பிடுங்கக் கூடாது, பார்த்துவிட்டு வரவேண்டும்.

திரும்பும் முன் அக்கா தானாகவே எழுந்து, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியின் நடுப்பகுதிவரை நடந்தார். கடலோரம் வரை போகவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

சகோதரிகளே, இழப்பைச் சுமந்தவர்களுக்கும் வெளியே போய்வர ஒரு நாள் வேண்டும். அது போனவர்களை மறப்பதாகாது. ஆனால் கூட்டிப் போகும் நாங்கள் இடம் எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் நின்றால் நாமும் நிற்க வேண்டும். நான் முதலாவதை மறந்துவிட்டேன். நீங்கள் மறக்காதீர்கள்.

வெயில் கடுமை, நிழல் கிடையாது. காலையிலேயே போங்கள், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வானில் வரும்போது அக்கா கேட்டார்: "அடுத்த வருசம் எங்கடி போறோம்?"